விசில் சின்னம்

எங்கள் வீட்டில் இரண்டு விசில்கள் உண்டு. ஒன்று என்னுடையது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தபோது கழுத்தில் தொங்கியது, ஓய்வுபெற்ற பிறகு ஆணியில் தொங்குகிறது. குடியிருப்பில் என் பெயரே விசில் டீச்சர்தான். இன்னொன்று என் வீட்டுக்காரருடையது. அவர் பஸ் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். மனுஷன் வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது, வேலை மனுஷனை விட்டபாடில்லை. எதற்காவது மனசார ஒப்புக்கொண்டால் "ரைட்" என்பார். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும், அது மருந்துச் சீட்டானாலும் சரி, மின்சார பில்லானாலும் சரி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி நீளவாக்கில் இன்னொரு மடிப்பு. குச்சி மாதிரி ஆனதும் விரலிடுக்கில் செருகிக்கொள்வார். நோட்டு மடித்துப் பழகிய விரல், சும்மா இருக்காது.

குடியிருப்போர் சங்கத் தேர்தலில் எனக்கு விசில் சின்னம் கிடைத்தபோது அவர் சொன்னார்: "அது என் சின்னம். உனக்கு இரவல் குடுத்திருக்கேன்."

"ஜெயிச்சதும் திருப்பித் தர்றேன்" என்றேன். அப்போது இரண்டு பேரும் சிரித்தோம்.

தேர்தல் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் இருக்கிறது. அதில் டேபிள் டென்னிஸ் மேஜை போட்டிருக்கிறோம். தினமும் சாயங்காலம் நான், போஸ்ட்மாஸ்டர், இன்னும் சில பெரிசுகள் அங்கேதான் கிடப்போம். முட்டி வலி, சர்க்கரை, மருமகள் சண்டை எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்த ஹாலை ஒரு கூரியர் கம்பெனிக்குக் குடோனாக வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டு தலைவர் பதவிக்கு நின்றார் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிற பல் டாக்டர். குடை சின்னம். அவருடைய கிளினிக் தெருவுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்த ஆள் ஜெயித்தால் என் மேஜை தெருவுக்கு வரும். காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், ராத்திரியும் தூக்கம். சாயங்காலத்தையும் பிடுங்கிவிட்டால் அப்புறம் நான் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? அதனால்தான் எதிர்த்து நின்றேன். வீட்டுக்கு வீடு பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு.

திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. என் படம், விசில், 'ஹால் நமக்கே' என்று பெரிய எழுத்து. முதல் நோட்டீஸை ஆசையாக அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த நிமிஷம் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிவிட்டார்.

"என்னங்க இது, என் மூஞ்சியக் குச்சியாக்கிட்டீங்களே!"

"டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு மீன்தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

மீன்தொட்டி அவருடைய பைத்தியம். கூடத்தில் முக்கால்வாசிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். கொழுத்த ஆரஞ்சு மீனுக்கு டிப்போ மேனேஜர் என்று பெயர், ஒரு வேலையும் செய்யாமல் மூலையிலேயே நிற்கும். வெள்ளியாக ஒன்று எல்லா மீனையும் பின்னாலேயே போய் மோந்து பார்க்கும். அதற்குச் செக்கர் என்று பெயர். காலையில் எழுந்ததும் என் முகத்தில் விழிப்பதற்கு முன்னால் செக்கர் முகத்தில்தான் விழிப்பார். நானும் போனால் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது சனி. அவர் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார், குழாயிலிருந்து ரப்பர் டியூப் போட்டு. நான் கீழே நின்றுகொண்டு போன் செய்தேன்: "நோட்டீஸ் குடுக்க ஆள் இல்ல, உடனே இறங்கி வாங்க." மனுஷன் அப்படியே இறங்கி வந்துவிட்டார், குழாயை மூடாமல். ஒரு மாடி முழுக்க நோட்டீஸ் கொடுத்து முடிப்பதற்குள் எங்கள் கூடம் நிரம்பி, தண்ணீர் தரை வழியாக இறங்கி, கீழ் வீட்டுத் தையல்காரம்மாவின் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஏதோ ஹோட்டலுக்காக அவள் தைத்து அடுக்கிவைத்திருந்த திரைச்சீலைகள் எல்லாம் சொதசொதவென்று நனைந்துபோயின.

தையல்காரம்மா வாயைத் திறந்தாள் என்றால் மூடியைத் தேட வேண்டும். படிக்கட்டு முழுக்க ஆள் கூடிவிட்டது.

"தண்ணிக்குள்ள மீன் இருக்கலாம் டீச்சரம்மா, மீனுக்குக் கீழ மனுஷங்க இருக்கக் கூடாதா? எங்க வீட்டு நாலு ஓட்டும் குடைக்குத்தான். குடையே இப்பத்தான் எங்களுக்குத் தேவை!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. நாலு ஓட்டு! அவள் பேச்சைக் கேட்டு நடக்கிற அக்கம்பக்கத்து ஓட்டு வேறு. அவர் மேலே தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தாம்மா, நல்லாக் கேட்டுக்கோ. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் அந்தத் தொட்டி என் வீட்டுல இருக்காது. இது என் வாக்கு."

"அண்ணன் சம்மதிப்பாரா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அவரிடம் ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தேர்தல் நேரத்தில் வீட்டுக்குள் எதற்கு வீண் ரகளை? நான் மேலே போனபோது அவர் துடைப்பமும் வாளியுமாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

புதன்கிழமை என் தம்பி வந்து சேர்ந்தான், அக்காவுக்குப் பிரசாரம் செய்கிறேன் பேர்வழி என்று கையில் ஒரு மைக்கோடு. காரைப் பின்னால் எடுத்துக்கொண்டே "உங்கள் சின்னம்" என்று மைக்கில் கத்தினான். "விசில்" என்று சொல்வதற்குள் டமால். டாக்டர் காரின் முன்விளக்கு தூள். டாக்டர் இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே தம்பியின் தோளைத் தட்டி, "உனக்கு ஒண்ணும் அடிபடலையே தம்பி? காரை விடு, பாத்துக்கலாம்" என்றார். எல்லா பால்கனியும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆள் ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கு எத்தனை ஓட்டைத் தின்றதோ!

"உனக்கு மைக்கைக் குடுத்தவன் யாருடா?" என்று தம்பியைக் காய்ச்சி எடுத்தேன்.

"அக்கா, நான் நல்லதுக்குத்தானே..."

"இன்னொரு நல்லது பண்ணிடாத, தாங்க மாட்டேன். வீட்டுக்குப் போ."

வியாழக்கிழமை மகளின் முறை. வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்குப் போனில் பேச்சாகவே ஒரு செய்தி பதிந்து அனுப்பினேன், மனசில் இருப்பதைக் கொட்டி: மூணாவது மாடிக்காரர்கள் காபி குடிக்கும்போது ஒரு கட்சி, டம்ளரைக் கழுவும்போது ஒரு கட்சி என்று. அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அவள் தன் அப்பாவுக்கு அனுப்பப்போய், விரல் தவறிக் குடியிருப்புக் குழுவுக்கே அனுப்பிவிட்டாள். பிள்ளைப் பாசத்தில் அவளை அந்தக் குழுவில் சேர்த்துவிட்ட புண்ணியவதியும் நான்தான். மூணாவது மாடிக்கு நானே படியேறிப் போய் ஒவ்வொரு வீட்டிலும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். கொடுத்த காபியையெல்லாம் குடித்தேன். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி, வீட்டுக்குள் ஒரு ஓட்டு உறுதி என்பதுதான். யார் காலை வாரினாலும் அவர் வாரமாட்டார். வீட்டைக் கூட்டினார், சமைத்தார், நான் கத்தியபோதெல்லாம் காதைக் கொடுத்தார். கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது. வெள்ளம் விட்ட குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பல் கூசுகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எலெக்‌ஷன் நேரத்துல எதிராளி கிட்ட போய் வாயத் தொறக்கணுமா? வேற டாக்டரே இல்லையா?"

"பல்லுக்குக் கட்சி தெரியுமா டீச்சர்?" என்றார்.

நானும் போஸ்ட்மாஸ்டரும் ஹாலில் ஓட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னலில் பார்த்தால் கிளினிக்கின் கண்ணாடிக் கதவு தெரிந்தது. ஒரு பல்லுக்கு ரொம்ப நேரம்தான் ஆயிற்று. டாக்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"கண்டக்டர் சார் கட்சி மாறிட்டாரா?" என்று போஸ்ட்மாஸ்டர் கேலி செய்தார்.

"மாறினா பல்லே இருக்காது" என்றேன்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன்: "என்னங்க, உங்க ஓட்டு எனக்குத்தானே?"

"உனக்குப் போடாம வேற யாருக்கு?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர் 'ரைட்' சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மடச்சி, மடச்சி.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் என் மேஜையையே போட்டு, அதன்மேல் பிஸ்கட் டப்பாவில் துளை போட்டுப் பெட்டியாக வைத்திருந்தார்கள். எந்தப் பக்கமும் சேராதவர் என்று மருந்துக்கடைக்காரரைத் தேர்தல் அதிகாரி ஆக்கியிருந்தோம். அவர் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார். மூலையில் திரைக்குப் பின்னால் போய் டிக் போட்டு, மடித்து, டப்பாவில் போட வேண்டும். டாக்டர் எல்லோருக்கும் கை கூப்பினார். நான் கழுத்தில் விசிலோடு நின்றேன். தையல்காரம்மா குடும்பத்தோடு வந்து, போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்பாடா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, போட்டுவிட்டுப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் எண்ணினார்கள். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "விசில்", "குடை" என்று சொல்வார். ஒன்று எனக்கு விழுந்தால் அடுத்தது டாக்டருக்கு விழுந்தது. எல்லாச் சீட்டும் நாலாக மடித்துச் சதுரமாக வந்துகொண்டிருந்தன. பாதியில் ஒரு சீட்டை எடுத்தவர் நின்றுவிட்டார்.

"இது என்னங்க, பல்குச்சி மாதிரி இருக்கு?"

"டாக்டர் ஓட்டா இருக்கும்!" என்றது ஒரு குரல். ஹாலே சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

மருந்துக்கடைக்காரர் நீளவாக்கில் ஒரு மடிப்பைப் பிரித்தார். மறுபடி நீளவாக்கில் இன்னொரு மடிப்பைப் பிரித்தார். தூக்கிக் காட்டினார். "குடை!"

நான் மட்டும் சிரிக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஓடிய அந்தக் கோடுகளை நான் எத்தனை பில்லில், எத்தனை சீட்டில் தேய்த்து நிமிர்த்தியிருக்கிறேன்! திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன எண்ணினார்கள் என்று என் காதில் விழவில்லை. போஸ்ட்மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் தெரிந்தது, நான் ஜெயித்துவிட்டேன். வித்தியாசம் மூன்று ஓட்டு. தம்பி எங்கிருந்தோ வந்து என் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினான். டாக்டர் கை கொடுத்தார். எல்லோரும் என்னை மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் வந்தார்.

"வாழ்த்துகள் டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தெருவில் போகிறவன் முதுகில் குத்தினால் திரும்பி ஒரு அறை விடலாம். ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் குத்திவிட்டு வாழ்த்துச் சொன்னால் என்ன செய்வது?

அதற்குள் தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "தலைவரம்மா! எங்க நாலு ஓட்டு இல்லாட்டி இன்னிக்கு உங்க கதி என்ன? நாளைக்குத் தொட்டி போயிடுமில்ல?"

அவர் பக்கத்திலேயே நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "போயிடும்."

அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்து தீனி தூவிக்கொண்டிருந்தார். டிப்போ மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"தொட்டி நாளைக்குப் போகணும்" என்றேன்.

"சங்கத்துலேருந்து எழுத்துல குடு" என்றார். "வாய்ல சொன்னா வண்டி நகராது."

இந்தத் திமிர் வேறா! தாளை எடுத்தேன். 'குடியிருப்பின் நலன் கருதி மீன்தொட்டியை நாளை அகற்ற வேண்டும், தலைவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவராக என் முதல் கையெழுத்து. கிட்டத்தட்ட முகத்தில் விட்டெறிகிற மாதிரி நீட்டினேன். அவர் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தார். பிறகு நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். விரலிடுக்கில் செருகினார்.

"இதேதான்!" என்று கத்திவிட்டேன். "இதே மடிப்பு! ஊரே சிரிச்சுதே, எனக்கு உசிரு போச்சே!"

அவர் தன் விரலை யாரோ ஒருத்தருடைய விரல் மாதிரி பார்த்தார். மடித்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"பாத்துட்டியா?" என்றார் மெதுவாக.

"எனக்குப் போடப் பிடிக்கலைன்னா வீட்டுலயே படுத்திருக்கலாமே! வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்து அந்தாளுக்குப் போட்டீங்களே! நேத்து என் முன்னாடி உக்காந்து சோறு தின்னுட்டு, உனக்குப் போடாம யாருக்குன்னீங்களே! இத்தனை வருஷத்துல உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"நீ தோத்தா மீன் இருக்கும்" என்றார். "அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை நீ கீழ வாக்குக் குடுக்கறப்போ, நான் துடைப்பத்தோட படிக்கட்டுலதான் நின்னுட்டிருந்தேன்."

எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. "அப்பவே கேக்கறதுக்கென்ன? சண்டை போடறதுக்கென்ன?"

"நீ வந்து சொல்வேன்னு பாத்தேன். புதன் போச்சு, வியாழன் போச்சு. தினமும் ஆளுக்கொரு வாசல் போய் ஓட்டுக் கேட்ட. என்கிட்ட சனிக்கிழமை கேட்ட, அதுவும் ஓட்டுதான்."

"அதனால அந்தப் பல் டாக்டர் கால்ல போய் விழுந்தீங்களா? என்ன பேரம் பேசினாரு?"

"அவர் என்கிட்ட ஓட்டே கேக்கல டீச்சர். மீனெல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டார்." தீனி டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். "விஷயத்தைச் சொன்னேன். கிளினிக்ல இடம் இருக்கு, கொண்டுவந்து வைங்கன்னார். காத்துட்டிருக்கறவங்களுக்குப் பயம் போகுமாம். நீ ஜெயிச்சா அங்க, தோத்தா இங்கன்னு இருந்தேன்."

எழுதின தாளைத் திருப்பிக் கேட்க ஒரு நொடி எனக்கு வாய் வந்தது. கையைக்கூட நீட்டிவிட்டேன். "அதைக் குடுங்க. தையல்காரம்மாகிட்ட நான் வேற ஏதாவது பேசிக்கறேன்."

அவர் விரலை மூடிக்கொண்டார். "வேணாம். நாலு பேர் உன்ன நம்பிப் போட்டிருக்காங்க. ரைட்" என்றார். எழுந்துபோய் வாளியைத் தேட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹாலுக்குப் போனேன். என் ஹால், நான் மீட்ட ஹால். போஸ்ட்மாஸ்டர் மேஜையைத் துடைத்து வலை கட்டி வைத்திருந்தார். ஜன்னலுக்கு எதிரே கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புதிதாக ஒரு நீல வெளிச்சம். அதன் முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி போட்ட டாக்டர் பக்கத்தில் குனிந்து நிற்க, அவர் கையை நீட்டி ஒவ்வொரு மீனாகக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். செக்கர் கதையாக இருக்கும். அந்தக் கதையை எனக்கும் எத்தனையோ தடவை சொல்ல வந்திருக்கிறார், நான்தான் அப்புறம் அப்புறம் என்று ஹாலுக்கு ஓடியிருக்கிறேன். அதற்காக? அதற்காக எனக்கு எதிராகக் கை நீளுமா ஒரு மனுஷனுக்கு?

"தலைவரே, சர்வீஸ் போடுங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

போட்டேன். பந்து வலையில் விழுந்தது.